சம்பந்திக்கு விட்டுக்கொடுத்த நாற்காலி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். அங்கே நீங்களும் சௌக்கியம்தானே என்று அடுத்த வரியில் விசாரிக்க வேண்டும். அதை எழுதப் போய் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்கள் சௌக்கியத்தைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவன்போல் விசாரிப்பது நாணயமாகாது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தால் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் படியுங்கள். உங்கள் மருமகள் கண்ணில் இது படவே கூடாது. என் கையெழுத்தைப் பார்த்தால் பிடுங்கிப் படித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. சம்பந்தம் பேசியபோது அதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

நான் காலமெல்லாம் பத்திரிகையில் செய்தி எழுதியவன். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதித்தான் பழக்கம். இரண்டு பேரிடம் விசாரித்து உறுதி செய்துகொள்ளாமல் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. முக்கியமானதை முதல் வரியில் சொல்லிவிட வேண்டும் என்பதும் எங்கள் தொழிலில் கட்டாயம். ஆகவே சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரி ஆய்வுக்காக நாம் இருவரும் இரத்தம் கொடுத்தோம் அல்லவா, அதில் என் பெயரில் போய்ச் சேர்ந்தது உங்கள் இரத்தம். அந்த இரத்தத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்கிறார்கள். வரும் வியாழக்கிழமை காலை நீங்கள் என்னோடு வந்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் செய்தி. இனி விவரம்.

அறுபதைத் தாண்டியவர்களின் இரத்தம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கான ஆய்வு அது. தாமாக முன்வருகிறவர்களிடம் ஒரு குழாய் இரத்தம் வாங்கிக்கொள்வார்கள். வைத்தியமும் கிடையாது, மருந்தும் கிடையாது. ரிசல்ட்டைக்கூட நம்மிடம் சொல்ல மாட்டார்கள். உடனே கவனிக்க வேண்டியது ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் போன் செய்வார்கள். நான் என் பெயரைக் கொடுத்ததோடு நின்றிருக்கலாம். உங்களையும் இழுத்தேன். “நல்லா ஓடிக்கிட்டிருக்கிற வண்டியை எதுக்குங்க மூடியைத் திறந்து பாக்கணும்?” என்று நீங்கள் கேட்டீர்கள். அன்றைக்கே அந்தப் பேச்சை மதித்திருக்க வேண்டும். மதிக்காமல், அறிவியலுக்கு நம்மால் ஆன உதவி என்றும் நாளைய தலைமுறை நம்மை வாழ்த்தும் என்றும் ஒரு முழுத் தலையங்கத்தையே வாசித்தேன். கேட்டுக் களைத்துப் போய்த்தான் நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்.

அன்று காலை அந்த நீள அறை உங்களுக்கு நினைவிருக்கும். சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் வரிசையில் உள்ள அத்தனை பேரும் ஒரு நாற்காலி தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள், ஆகவே எல்லோருக்கும் கோபம். கடைசியில் ஒரு மேசை, அதன் பக்கத்தில் கை வைக்கப் பலகை பொருத்திய நாற்காலி, வெள்ளை அங்கி போட்ட பெண். அந்தப் பெண் வேலை செய்த விதத்தை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்து முடித்ததும், டோக்கன் வரிசைப்படி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்களை வெறும் குழாய்களில் முன்கூட்டியே ஒட்டித் தட்டில் வரிசையாக நிறுத்திக்கொண்டாள். அடுத்தவர் என்று கூப்பிடுவாள், தட்டில் முதலில் நிற்கும் குழாயை எடுப்பாள், நிரப்புவாள், எதிர்ப் பக்கத் தட்டில் வைப்பாள். வரிசை தவறாதவரை தவறு வராத ஏற்பாடு. யாராவது வரிசையை மாற்றிக்கொண்டால்தான் ஆபத்து. வெறும் வயிற்றோடு வந்த எவனும் தன் இடத்தை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டான் என்று அவள் நம்பியது நியாயம்தான். அந்த வரிசையில் இரண்டு சம்பந்திகள் இருப்பார்கள் என்று அவள் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

என் டோக்கன் முன்னால், உங்களுடையது அடுத்தது. என்னைக் கூப்பிட்டாள். நான் எழுந்துவிட்டேன். ஆனால் நீங்கள் நின்றுகொண்டிருக்க நான் போய் உட்காருவதா என்று கால் நகரவில்லை.

“நீங்க உட்காருங்க சம்பந்தி” என்றேன்.

“உங்க டோக்கன்தானே முன்னாடி? நீங்க உட்காருங்க.”

“நீங்க நிக்க நான் உட்காந்தா நல்லாவா இருக்கும்?”

“ஊசி குத்திக்கிறதுல என்னங்க முன்ன பின்ன?”

பின்னால் இருந்த ஒருவர், கல்யாண மண்டபம் அடுத்த தெருவில் இருக்கிறது என்று சொன்னதும், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்ததும் நம் இருவர் காதிலும் விழுந்தன. வெள்ளை அங்கிப் பெண், இருக்கிற நாலு கையில் ஏதாவது ஒன்றை நீட்டுங்கள் ஐயா என்றாள். நான் உங்கள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். பிடித்த பிடியில் உங்கள் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போனது. அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் உட்கார்ந்ததும் அவள் தட்டில் முதலில் நின்ற குழாயைக் கையில் எடுத்தாள். அதில் இருந்தது என் எண். இதை நான் என் கண்ணால் பார்த்தேன், ஆனால் பழச்சாறு நினைப்பில் அப்போது அது மனத்தில் தைக்கவில்லை.

பிறகு, நீங்கள் எழுந்திருக்கும்போது பழச்சாறு கையில் தயாராக இருக்க வேண்டுமே என்று அறையின் மறுகோடிக்கு ஓடினேன். ஊசி குத்திய இடத்தைக் காட்டினால்தான் பழச்சாறு என்று அங்கே இருந்தவர் பிடிவாதம் பிடித்தார். சம்பந்திக்காக என்றேன். சம்பந்தியை வரச் சொல்லுங்கள் என்றார். வாதாடி வாங்கிக்கொண்டு வருவதற்குள் உங்கள் கையில் பஞ்சு வைத்தாகிவிட்டது. அதன் பிறகு நான் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் கை கொஞ்சம் கனம்போலிருக்கிறது. குத்திய இடத்தில் கன்றிய நீலம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களுக்கு மறுநாளே மறைந்துவிட்டதாக உங்கள் மருமகள் சொன்னாள். கொடுத்துவைத்தவர்.

போன வாரம் போன் வந்தது. என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஆய்வை நடத்தும் டாக்டரம்மா பேசினார். முதலில் என் பெயரையும் பிறந்த ஆண்டையும் கேட்டார். அடுத்து, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பயப்பட ஒன்றும் இல்லை என்று தொடங்கினார். பதவியில் இருப்பவர்கள் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னால் நாங்கள் பேனா மூடியைக் கழற்றுவோம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்க வேண்டிய அளவைவிட மிக அதிகமாக இருக்கின்றன, சில அணுக்களின் தோற்றமும் சரியில்லை, மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும், தள்ளிப்போட வேண்டாம், வீட்டு மனிதர் ஒருவரோடு வாருங்கள் என்றார். எத்தனையோ மந்திரிகளை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டவன், ஒரு கேள்விகூடக் கேட்காமல் நன்றி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

யார் என்று மனைவி கேட்டாள். தவறான நம்பர் என்றேன்.

“தப்பான நம்பருக்கு எதுக்குங்க நன்றி சொன்னீங்க?”

பத்திரிகையில் என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவருக்குக்கூட இவ்வளவு கூர்மை கிடையாது.

அதன் பிறகு சில நாட்கள் நான் வீட்டில் மனிதனாக இல்லை. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பேன். இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. பிரஷ் புதியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லாவிட்டால் நான் அப்போதே செத்திருப்பேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் பசி இல்லை என்பேன். பிறகு அவள் சந்தேகப்படுவாளே என்று இரண்டு மடங்கு சாப்பிடுவேன், அதைப் பார்த்து இன்னும் சந்தேகப்படுவாள். பேத்தியின் படத்தை எடுத்துப் பார்ப்பேன், உடனே கவிழ்த்து வைப்பேன்.

உண்மை எனக்கு விளங்கியது மளிகைக் கடையில். என் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஓர் அம்மாள் அவசரப்பட்டதால், நீங்கள் முன்னால் போங்களம்மா என்று நகர்ந்து நின்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எனக்காகக் கட்டிய பையை அந்த அம்மாளிடம் நீட்டினார். அந்தப் பை நீட்டிய கையைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். நம் இருவரின் நாற்காலி அப்படியே கண் முன்னால் வந்தது. என் குழாயில் போனது உங்கள் இரத்தம். என் பெயருக்கு வந்த போன், உங்களுக்கு வந்திருக்க வேண்டிய போன்.

சம்பந்தி, ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையை வாங்கிக்கொண்டு பாட்டுக்கூட முணுமுணுத்தேன். தெருமுனை திரும்புவதற்குள் வெட்கம் வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டது. என் மகளைத் தன் மகளாக வைத்திருக்கிற மனிதருக்கு நோய் என்று தெரிந்து பாட்டு முணுமுணுத்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நாற்காலிக் கதையை முழுவதும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது. குழாயில் இருப்பது உங்கள் எண், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மாறியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் இருவரும் வந்து மறுபடி கொடுங்கள், மற்றவருடைய ரிசல்ட்டைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது என்றார். நான் மட்டும் போய்க் கொடுத்தால் என் இரத்தம் சுத்தம் என்று வரும், ஆய்வுக்காரர்கள் ஏதோ இயந்திரக் கோளாறு என்று முடித்துவிடுவார்கள், உங்கள் நோய் உங்களுக்குள்ளேயே கிடக்கும். ஆகவே உங்களிடம் சொல்லியே தீர வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லா விபத்துகளும் நடந்தன.

முதலில் போன் செய்தேன். உங்கள் மருமகள் எடுத்தாள். நான் வழக்கமாகப் பேசாத நேரம் என்பதால், எடுத்ததுமே அம்மாவுக்கு என்னப்பா என்று கேட்டாள். அம்மா நன்றாக இருக்கிறாள் என்றேன். அப்படியானால் உனக்கு என்ன என்றாள். எனக்கு ஒன்றுமில்லை, துவைக்கும் இயந்திரம் பற்றிச் சம்பந்தியிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டில் துவைக்கும் இயந்திரம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் போனை வைத்ததும் அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். அன்று சாயங்காலம் முழுவதும் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தேன். வந்த நேரம், நீங்கள் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறிக்கொண்டிருந்தீர்கள். பாய்ந்து வந்து கேனைப் பிடித்தேன். நீங்கள் விடவில்லை. சம்பந்தியைத் தூக்க விட்டால் நன்றாக இருக்காது என்று உங்கள் எண்ணம், நோயாளியைத் தூக்க விடக் கூடாது என்று என் எண்ணம். இடையில் கேன் நம் இருவரையும் விட்டுவிட்டுத் தானாகவே படி இறங்கி, செருப்பு வைக்கும் இடத்தில் போய் உடைந்தது. மாப்பிள்ளையின் புதுச் செருப்பு நனைந்தது என் பொறுப்பு. நான் பாதிப் படியில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்தேன். “நீங்க மெதுவா வாங்க சம்பந்தி, உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது” என்று நீங்கள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தீர்கள். உங்கள் நிலைமையில் என்னைத் தேற்றுகிறீர்களே என்று எனக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்த பிறகு நான் கேட்ட கேள்விகள் உங்களுக்கு வினோதமாக இருந்திருக்கும். இரவில் வியர்க்கிறதா என்று கேட்டேன். மின்விசிறி சரியில்லை, வியர்க்கத்தான் செய்கிறது என்றீர்கள். முதல் அறிகுறி என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு முறை கொட்டாவி விட்டீர்கள். சோர்வு என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். தட்டில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றைத்தான் எடுத்தீர்கள், பசியின்மை. அப்போதுதான் சாப்பிட்டு எழுந்தார் என்று சம்பந்தியம்மா சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. கைகுலுக்குவதுபோல் உங்கள் கையைப் பிடித்து நகத்தின் நிறத்தைப் பார்த்தேன். இப்படி நான் பார்த்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணா, நீங்கதான் இளைச்சுப் போயிருக்கீங்க. சட்டை தொளதொளன்னு தொங்குது” என்றார். சலவையில் விரிந்துவிட்டது என்றேன். அவர் உள்ளே போய் ஒரு டானிக் பாட்டிலைக் கொண்டுவந்து கையில் திணித்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல், டானிக் பாட்டிலோடு வீடு திரும்பினேன்.

அந்தப் பாட்டில்தான் என்னை மாட்டிவிட்டது. தான் சோறு போடுவதில்லை என்று அந்த வீட்டில் பேசுகிறார்களா என்று என் மனைவி பிடித்துக்கொண்டாள். இல்லை என்றால் டானிக் எதற்கு, டானிக் வேண்டாம் என்றால் ஏன் வாங்கி வந்தீர்கள், ஏன் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டுகிறீர்கள், துவைக்கும் இயந்திரம் என்றால் என்ன. ஒரு மனிதன் எத்தனை கேள்விகளுக்குத்தான் பொய் சொல்வான்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டாக்டரம்மாவின் போனைச் சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்காலியைப் பற்றிச் சொல்லி முடித்ததும், “அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி இல்லை என்றேன். உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் உங்களை நினைத்து அழுதாள். இதில் தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று நம்புகிறேன். அழுதது என்னவோ உங்களுக்காகத்தான் அதிக நேரம்.

“நம்ம பொண்ணு இருக்கிற வீடுங்க. போன்ல உளறி வைக்காதீங்க. நேர்ல போனாலும் கேனைத்தான் உடைப்பீங்க. எழுதுங்க. எழுதுனாத்தான் நீங்க ஒழுங்கா பேசுவீங்க” என்றாள். ஆகவே எழுதுகிறேன். ஒரே ஊர் தபால்தான், நாளைக்குக் கையில் கிடைத்துவிடும்.

இனி நான் சொல்வதைத் தைரியமாகக் கேளுங்கள். இதில் கலங்க ஒன்றுமே இல்லை. வெள்ளை அணுக்கள் உடம்பின் காவலர்கள் என்று படித்தேன். காவலர்கள் கூடிவிட்டார்கள் என்று எந்த வீட்டுக்காரராவது பயப்படுவாரா? மறுபடி சோதனை என்பது எறும்பு கடித்ததுபோல ஒரு நொடி சமாசாரம். நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் வழக்கமான வேலைகளைப் பாருங்கள். படுத்தால் தூக்கம் வரவில்லையென்றால் நல்லதாக நாலு விஷயங்களை நினைத்துப் பாருங்கள், தானாக வந்துவிடும். இன்றைக்கு மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. நானே அதைப் பற்றி ஞாயிறு மலரில் தொடர் எழுதியிருக்கிறேன். எத்தனையோ பேர் இதைவிடப் பெரிய நோயிலிருந்து எழுந்து வந்து நம்மைவிட வேகமாக நடக்கிறார்கள். எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது. மனம் உறுதியாக இருந்தால் உடம்பு சொன்னபடி கேட்கும். அப்படியே ஏதாவது இருந்தாலும், நமக்கெல்லாம் பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது, பிள்ளைகளைக் கரை சேர்த்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம்.

வியாழக்கிழமை காலை நான் வண்டி பிடித்துக்கொண்டு வந்து உங்களை அழைத்துப் போகிறேன். வீட்டில் அறிவியல் கண்காட்சி என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் கூடவே இருப்பேன். காத்திருக்கும் நேரம் தெரியாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்குள்ள திறமை உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா சொல்வதை நான் கவனமாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. எத்தனை முறை போக வேண்டியிருந்தாலும் வருவேன். ஆய்வுக்கு உங்களை இழுத்தது நான். இழுத்ததுதான் நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் இது வெளியே தெரிந்தே இருக்காது என்று நீங்கள் பெரிய மனத்தோடு நினைத்துக்கொண்டால் எனக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் உங்கள் மருமகளுக்கும் எங்கள் ஆசிகள். நம் இருவருக்கும் பொதுவான பேத்திக்கு முத்தம். உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் வழக்கத்துக்காக எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை உண்மையாகவே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
பெண் வீட்டுச் சம்பந்தி.

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது நீங்கள் போன் செய்தீர்கள். சம்பந்தியம்மா விசாரிக்கச் சொன்னார்கள், டானிக் குடிக்கிறீர்களா என்று கேட்டீர்கள். குடிக்கிறேன் என்றேன். கடிதம் வருவதற்குள் உங்களைக் கொஞ்சம் தயார்ப்படுத்தலாமே என்று, அன்றைக்கு நாம் மாறி உட்கார்ந்ததில் ஆய்வுக்காரர்களுக்கு ஏதாவது குழப்பம் ஆகியிருக்குமோ என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். நீங்கள் சொன்ன பதிலை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

“எடை அளவு இன்ஸ்பெக்டரா கடை கடையா ஏறித் தராசுலயும் படிக்கல்லுலயும் முத்திரை பாத்தே ரிட்டையர் ஆனவன் நானு. டியூப்புல என்ன எண் ஒட்டியிருக்குன்னு பாக்காம கையை நீட்டுவேனா? நீங்க ஜூஸ் வாங்க ஓடுனீங்கல்ல, அப்பவே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி என் டியூப்பை எடுக்க வெச்சுட்டேன். உங்களது உங்களுக்காக அப்படியே இருந்துச்சு. மரியாதை பண்ணப்போய்த் தப்பாயிடுச்சேன்னு நீங்க சங்கடப்படுவீங்க, அதான் உங்ககிட்ட சொல்லல.”

ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவள் என் குழாயைக் கையில் எடுத்ததைப் பார்த்தேன். அதில் இரத்தம் நிறைந்ததைப் பார்க்கவில்லை. விசாரித்திருக்க வேண்டிய இரண்டாவது ஆள் நீங்கள். உங்களிடம் மட்டும் விசாரிக்கவில்லை. ஆகவே பிழை திருத்தம். மேலே ‘உங்கள் இரத்தம்’ என்று வரும் இடங்களிலெல்லாம் ‘என் இரத்தம்’ என்று மாற்றிப் படிக்கவும். நான் உங்களோடு வருவதாக எழுதியிருப்பதை, நீங்கள் என்னோடு வர வேண்டும் என்று படிக்கவும். தைரியம் சொல்லியிருக்கும் பகுதிக்கு மட்டும் திருத்தம் கிடையாது, அதை முழுவதும் அடித்துவிடுங்கள். இப்போது எனக்காக இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட உதவவில்லை.

வேறு கடிதம் எழுதலாம் என்றால் கை ஓடவில்லை. இதையே அனுப்புகிறேன். என் மனைவி உள்ளே என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் நான் கசங்கிய சட்டையோடு உட்காரக் கூடாதாம். நடுவில் ஒரு முறை, பாவம் நல்ல மனுஷர் என்று உங்களைச் சொன்னாள். அவளிடம் இந்தத் திருத்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதம் கிடைத்ததும், வியாழக்கிழமை வரை பார்க்காமல், சம்பந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு நடை வந்துவிடுங்கள். நீங்கள் இருவரும் வந்து உட்கார்ந்த பிறகு அவளிடம் சொல்கிறேன்.